பத்துக் கல்தூண்கள், அங்கிருந்து நியான்சா

ருவாண்டாவுக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் குறைவு. போகிறவர்களும் பெரும்பாலும் வடக்கே எரிமலைக் காட்டில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். தலைநகர் கிகாலியில் ஒரு நாள் கிடைத்தால் கிசோசியில் இருக்கும் இனப்படுகொலை நினைவகத்துக்குப் போய்வருவார்கள். சுமார் 2,50,000 பேரைப் புதைத்திருக்கும் இடம் அது. அதைப் பார்க்காமல் யாரும் அந்த நாட்டை விட்டுத் திரும்பக் கூடாது. ஆனால் நான் இங்கே எழுத வந்தது, அதே ஊரில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன வளாகத்தைப் பற்றி. காம்ப் கிகாலி என்று பெயர். ஒரு காலத்தில் ராணுவ முகாம். 1994 ஏப்ரல் 7ஆம் தேதி, ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றிய பத்து பெல்ஜிய வீரர்கள் அங்கேதான் அடித்தும் சுட்டும் கொல்லப்பட்டார்கள்.

அமைதிப்படை என்றதும் தமிழ் வாசகர்களுக்கு 1987தான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணம் போன இந்தியப் படையின் கதை வேறு. இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி போன படை அது. போன இடத்தில் போரிலும் இறங்கியது. ருவாண்டாவில் இருந்தது ஐ.நா.வின் நீலத் தொப்பிப் படை. அதன் கையில் துப்பாக்கி இருந்தது, ஆனால் தற்காப்புக்குத் தவிர சுடுவதற்கு அநேகமாக அனுமதி இல்லை. அந்த நிலைமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை காம்ப் கிகாலியில் சுவரிலேயே பார்க்கலாம்.

கிகாலியில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் இருக்கிறான். தூத்துக்குடிப் பையன். ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறான். அவன் வீட்டில்தான் தங்கியிருந்தேன். நான் போக வேண்டிய இடத்தைச் சொன்னதும், "அங்க போய் என்னத்தண்ணே பாக்கப் போறீங்க? ஒரு பழைய கட்டடம், முன்னால பத்துக் கல்லு நட்டிருக்கான். அவ்வளவுதாண்ணே" என்றான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு என்னோடு கிளம்பி வந்தான்.

கிகாலி முழுக்க மேடும் பள்ளமும்தான். ஒரு குன்றிலிருந்து இறங்கினால் அடுத்த குன்றில் ஏற வேண்டும். வாடகை மோட்டார் சைக்கிளை அங்கே மோட்டோ என்கிறார்கள். ஓட்டுநர் பின்னால் உட்காருகிறவருக்கும் ஒரு தலைக்கவசம் நீட்டுவார், போடாமல் வண்டி நகராது. சாலையோரத்தில் ஒரு காகிதம் கூடக் கிடக்காது. பிளாஸ்டிக் பைகளை 2008லேயே தடை செய்துவிட்டார்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஊரே தெருவில் இறங்கிப் பொதுவேலை செய்கிறது. இந்த ஒழுங்கையெல்லாம் பார்க்கும்போது, 1994இல் இதே சாலைகளில் ஹூட்டு பெரும்பான்மையினத் தீவிரவாதிகள் தடுப்புகளைப் போட்டு, அடையாள அட்டையைப் பார்த்து, டுட்சி என்ற சிறுபான்மை இனத்தின் பெயர் எழுதியிருந்தால் அங்கேயே வெட்டிப் போட்டார்கள் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. அந்த அட்டையில் இனத்தை எழுதும் வழக்கத்தை 1930களில் கொண்டுவந்தது பெல்ஜியக் காலனி ஆட்சி. பெல்ஜியப் படைவீரர்களின் நினைவிடத்துக்குப் போகும்போது அதையும் மறக்காமல்தான் போக வேண்டும்.

வளாகம் நகரத்தின் பழைய பகுதியில், பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் புல்வெளியில் தூண்கள் தெரிகின்றன. சாம்பல் நிறக் கல். ஆளுக்கு ஒரு தூண். சிலை இல்லை, பதக்கம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒவ்வொரு தூணிலும் குறுக்கே கோடு கோடாக வெட்டியிருக்கிறார்கள். முதலில் அது வெறும் அலங்காரம் என்று தோன்றும். அது வயது. இறந்தவர் எத்தனை வருடம் வாழ்ந்தாரோ அத்தனை வெட்டுகள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, கை தானாகவே கீழிருந்து மேலே வெட்டு வெட்டாகத் தடவிக்கொண்டு போகிறது. போர் நினைவிடங்கள் என்றால் வீரத்தை உயர்த்திப் பிடிப்பதும் கொடிக்கம்பமும்தான் நான் பார்த்தவை. இங்கே வயதை மட்டும் வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த நினைவுச்சின்னங்களில் இவ்வளவு நேர்மையானது இன்னொன்று இல்லை.

தம்பி ஒரு தூணின் வெட்டுகளை எண்ணிவிட்டு, "என் வயசு கூட ஆகலண்ணே" என்றான். அதன் பிறகு அவன் பத்துக் கல் என்று சொல்லவில்லை.

தூண்களுக்குப் பின்னால் அந்தக் கட்டடம். ஒரே தளம், சின்ன அறைகள். வெளிச்சுவரில் குண்டு பாய்ந்த குழிகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். பூசவில்லை, வெள்ளையடித்து மறைக்கவில்லை. கதவைச் சுற்றித்தான் அதிகம். சில குழிகளில் ஒரு முஷ்டி போகும். உள்ளே ஓர் அறையின் மூலையில் இன்னும் நெருக்கமான குழிகள். வெளியே நின்று பார்க்கும்போது, எங்கிருந்து சுட்டிருப்பார்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. உள்ளே நின்றால் அந்த மூலையைத் தவிர ஒதுங்க வேறு இடம் கிடையாது.

என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ருவாண்டாவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது 1990 அக்டோபரில். உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்த டுட்சிகளை முதன்மையாகக் கொண்ட ருவாண்டா தேசபக்த முன்னணி வடக்கு எல்லையைத் தாண்டி வந்தது. ஹூட்டு பெரும்பான்மையினரின் பெயரால் ஆண்ட அதிபர் ஹபியாரிமானாவின் அரசு அதை எதிர்த்தது. 1993 ஆகஸ்டில் தான்சானியாவின் அருஷாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை நடைமுறைப்படுத்த உதவத்தான் ஐ.நா. பாதுகாப்பு சபை அக்டோபரில் ஒரு படையை அனுமதித்தது. அனுமதித்த எண்ணிக்கை 2,548. தளபதி கனடாவின் ரோமியோ டல்லேர். வங்கதேசம், கானா, பெல்ஜியம் ஆகிய நாடுகளிலிருந்து முக்கியமான பிரிவுகள் வந்தன. அவற்றில் நல்ல பயிற்சியும் தளவாடமும் கொண்டு வந்தவர்கள் பெல்ஜியப் பாராசூட் கமாண்டோக்கள். சுமார் 400 பேர். தலைநகரின் பாதுகாப்பு பெரும்பாலும் அவர்களை நம்பித்தான் இருந்தது.

1994 ஏப்ரல் 6 இரவு ஹபியாரிமானாவின் விமானம் கிகாலியில் தரையிறங்கும்போது சுட்டு வீழ்த்தப்பட்டது. கூட இருந்த புருண்டி அதிபரும் இறந்தார். அன்றிரவே கொலைகள் தொடங்கிவிட்டன. சட்டப்படி பார்த்தால் அடுத்து நாட்டை நடத்த வேண்டியவர் பிரதமர் ஆகாத் உவிலிங்கியிமானா. ருவாண்டாவின் முதல் பெண் பிரதமர். அரசியலுக்கு வரும் முன் ஆசிரியையாக இருந்தவர். ஹூட்டு, ஆனால் சமாதானத்தை விரும்பியவர், அதனாலேயே தீவிரவாதிகளின் வெறுப்பைச் சம்பாதித்தவர். காலையில் வானொலியில் மக்களிடம் பேசி அமைதி காக்கச் சொல்ல நினைத்தார். அவரை வானொலி நிலையத்துக்கு அழைத்துச் செல்லத்தான், விடிவதற்குள், லெப்டினன்ட் தியரி லொத்தான் தலைமையில் பத்து பெல்ஜிய வீரர்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே ஐந்து கானா வீரர்கள் காவலுக்கு இருந்தார்கள்.

அதிபரின் மெய்க்காவல் படை வீட்டைச் சூழ்ந்துகொண்டது. பிரதமர் சுவரேறிப் பக்கத்து வளாகத்துக்குள் போய் ஒளிந்தார். அவரையும் கணவரையும் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். பிள்ளைகள் மறைந்திருந்து தப்பினார்கள். லொத்தான் ரேடியோவில் தன் மேலதிகாரியோடு பேசிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமான ஆயுதம் தாங்கியவர்கள் சுற்றி நிற்கிறார்கள். தற்காப்புக்குத் தவிர சுடக்கூடாது என்பது விதி. பேசித் தீர்க்கப் பார் என்பது பழக்கம். கடைசியில் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். பதினைந்து பேரையும் ஒரு வேனில் ஏற்றி, ஐ.நா. இடத்துக்குக் கொண்டு விடுவதாகச் சொல்லி, காம்ப் கிகாலிக்குக் கொண்டுவந்தார்கள்.

முகாமில் அதற்குள் ஒரு புரளி பரவியிருந்தது. அதிபரின் விமானத்தைச் சுட்டதே பெல்ஜியர்கள்தான் என்று. பல மாதங்களாகவே ஆர்.டி.எல்.எம். என்ற வெறுப்பு வானொலி பெல்ஜியர்களுக்கு எதிராகப் பேசிப் பேசி நிலத்தைப் பதப்படுத்தி வைத்திருந்தது. வேனிலிருந்து இறங்கிய வீரர்கள் மேல் முகாமின் சிப்பாய்கள் பாய்ந்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். போரில் காயம்பட்டு அங்கே இருந்தவர்கள் ஊன்றுகோலால் அடித்தார்கள். சிலர் முற்றத்திலேயே இறந்துபோனார்கள். கானா வீரர்கள் ஐவரையும் தனியாகப் பிரித்து விட்டுவிட்டார்கள். உயிரோடு இருந்த பெல்ஜியர்கள் அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். ஐ.நா. ராணுவப் பார்வையாளர்களின் அலுவலகம் அது. உள்ளே வந்த ஒருவனிடமிருந்து துப்பாக்கியைப் பறித்து, அதை வைத்துச் சில மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் கையெறி குண்டுகள் வீசித்தான் அவர்களைக் கொல்ல முடிந்தது.

நான் அந்த மூலையில் நின்றபோது இதுதான் மனத்தை அறுத்தது: ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள், பறித்த துப்பாக்கியோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அன்று காலை டல்லேர் ஒரு ருவாண்டா அதிகாரியின் காரில் இந்த முகாமைக் கடந்து போயிருக்கிறார். தரையில் இரண்டு பெல்ஜியச் சீருடைகள் கிடப்பதைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஓட்டியவர் நிறுத்தவில்லை. அன்றிரவு மருத்துவமனைப் பிணவறை அருகே உடல்களைக் காட்டினார்கள். அவை கிடந்த நிலையில் எத்தனை பேர் என்று சரியாக எண்ணக்கூட முடியவில்லை. முதலில் பதினொன்று என்று நினைத்தார்கள். மீட்கப் போயிருக்க முடியுமா என்ற கேள்வி பெல்ஜியத்தில் இன்னும் ஆறவில்லை. கிகாலியில் பெல்ஜியப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கர்னல் லுக் மார்ஷாலை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி 1996இல் விடுவித்தார்கள். வீரர்களை முகாமுக்குக் கொண்டுபோன மேஜர் பெர்னார் நுட்டுயஹாகாவுக்கு பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம் 2007இல் 20 ஆண்டு சிறை கொடுத்தது.

இவ்வளவும் ஒரு வெறிபிடித்த கூட்டத்தின் வேலை என்று நினைத்தால், பாதிதான் புரிந்துகொண்டோம் என்று அர்த்தம். அடித்த சிப்பாய்க்கு வேண்டுமானால் அது வெறி. திட்டம் போட்டவர்களுக்கு அது கணக்கு.

மூன்று மாதம் முன்பே, 1994 ஜனவரி 11ஆம் தேதி, டல்லேர் நியூயார்க்குக்கு ஒரு ரகசியத் தந்தி அனுப்பினார். ஹூட்டு ஆயுதக் குழுவான இன்டரஹம்வேக்குப் பயிற்சி கொடுத்த ஒருவன் வந்து சொன்ன தகவல்கள் அதில் இருந்தன. ஆயுதங்களை எங்கே பதுக்கியிருக்கிறார்கள்; டுட்சிகளைப் பட்டியல் எடுக்கிறார்கள்; இருபது நிமிடத்தில் ஆயிரம் பேரைக் கொல்லும் அளவுக்குப் பயிற்சி இருக்கிறது. அதோடு இன்னொன்று: பெல்ஜிய வீரர்களைச் சீண்டி, அவர்களில் சிலரைக் கொன்றால் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். ஆயுதக் கிடங்குகளைச் சோதனையிட டல்லேர் தயாரானார். வேண்டாம், உன் அதிகாரத்தில் அது இல்லை என்று நியூயார்க்கிலிருந்து பதில் வந்தது. அப்போது ஐ.நா. அமைதிப்படைத் துறைக்குத் தலைவர் கோஃபி அன்னான்.

எழுதிவைத்தபடியே நடந்தது. ஏப்ரல் 7இல் பத்துப் பேரைக் கொன்றார்கள். ஒரு வாரத்துக்குள் பெல்ஜியம் படையைத் திரும்ப அழைக்க முடிவெடுத்தது. தான் மட்டும் போவது அவமானம் என்று நினைத்ததோ என்னவோ, அதன் வெளியுறவு அமைச்சர் மொத்த ஐ.நா. படையையுமே விலக்கிக்கொள்ளச் சொல்லி மற்ற நாடுகளிடம் பேசினார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அவர்களின் தோழர்களை வீட்டுக்கு அழைத்துக்கொள்வதைப் புரிந்துகொள்ளலாம். மற்றவர்களையும் கிளப்பிக்கொண்டு போனதை எப்படிப் புரிந்துகொள்வது? ஏப்ரல் 21இல் பாதுகாப்பு சபை 912ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. கொலை செய்துகொண்டிருந்த அரசின் பிரதிநிதி அந்த ஆண்டு பாதுகாப்பு சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். உலகம் என்ன செய்யப் போகிறது, என்ன செய்யப் போவதில்லை என்பது அவர் மூலம் கிகாலிக்கு உடனுக்குடன் தெரிந்தது. திரும்ப அழைக்கப்பட்ட பெல்ஜிய வீரர்கள் சிலர் விமான நிலையத்திலேயே தங்கள் நீலத் தொப்பிகளைக் கத்தியால் கிழித்துப் போட்டார்கள்.

பத்துத் தூண்களுக்கு முன்னால் நிற்கும்போது துக்கம் வருகிறது. வரத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துக்கத்தையே எதிர்பார்த்துத்தான் கொலையாளிகள் கணக்குப் போட்டார்கள். வெளிநாட்டு உயிர் பத்து போனால் உலகம் கலங்கி ஓடிவிடும், உள்ளூர் உயிர் பத்து லட்சம் போனாலும் திரும்பிப் பார்க்காது என்பதுதான் அந்தக் கணக்கு. அது பலித்துவிட்டது. ஆகவே இந்த நினைவிடத்தில் அஞ்சலி செலுத்துகிறவர் இங்கேயே திரும்பிவிட்டால், அஞ்சலி பாதியில் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. அடுத்துப் போக வேண்டிய இடம் கிகாலியிலேயே உள்ள கிச்சுகிரோ.

தம்பியின் வீடு இருப்பதும் கிச்சுகிரோவில்தான். தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வருகிறது என்றான். 1994இல் அது டான் போஸ்கோ பாதிரியார்கள் நடத்திய தொழில்நுட்பப் பள்ளி. ஈ.டி.ஓ. என்று சொல்வார்கள். சுமார் 90 பெல்ஜிய வீரர்கள் அங்கே முகாமிட்டிருந்தார்கள். நீலத் தொப்பிக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் சுற்றுவட்டாரத்து டுட்சிகள் பிள்ளைகுட்டிகளோடு வந்து அந்த வளாகத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். சுமார் 2,000 பேர். வாசலுக்கு வெளியே இன்டரஹம்வே வெட்டுக்கத்தியோடு காத்துக்கொண்டிருந்தது. வீரர்கள் உள்ளே இருக்கும்வரை அவர்கள் நுழையவில்லை.

ஏப்ரல் 11ஆம் தேதி, வெளிநாட்டவர்களை வெளியேற்ற பிரெஞ்சுப் படையினர் வந்தார்கள். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டார்கள். பெல்ஜிய வீரர்களுக்கும் விமான நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டளை வந்தது. மக்கள் வண்டிகளின் முன்னால் படுத்து மறித்தார்கள். எங்களை வெட்டுக்கத்திக்கு விட்டுவிட்டுப் போகாதீர்கள், நீங்களே சுட்டுக் கொன்றுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினார்கள் என்று உயிர் பிழைத்தவர்கள் பின்னால் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வண்டிகள் போய்விட்டன. அன்று பிற்பகலிலேயே அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு போய், சில கிலோமீட்டர் தள்ளி, அப்போது குப்பை கொட்டும் இடமாக இருந்த நியான்சா மேட்டில் வைத்துக் கொன்றார்கள். கையெறி குண்டு, துப்பாக்கி, பிறகு வெட்டுக்கத்தி. பிணங்களுக்கு அடியில் கிடந்து தப்பியவர்கள் கொஞ்சம் பேர். அன்றிரவும் மறுநாளும் தேசபக்த முன்னணியின் படை வந்து அவர்களை மீட்டது.

நாங்கள் மோட்டோவில்தான் போனோம். கல்லூரி வாசலில் இறங்கி, அங்கிருந்து நியான்சா வரை நடக்கலாம் என்று நான் சொன்னேன். அதே வழியாகத்தான் அவர்களைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இன்று அகலமான தார்ச்சாலை. இரண்டு பக்கமும் கடைகள், செல்போன் பணப்பரிமாற்றத்துக்கு மஞ்சள் குடை விரித்த பெண்கள், தேவாலயத்திலிருந்து திரும்பும் குடும்பங்கள். ஏற்றமாகவே இருக்கிறது. வெயிலில் எனக்கு மூச்சு வாங்கியது. கைக்குழந்தைகளோடும் முதியவர்களோடும் ஆயுதக்காரர்கள் நடுவே இந்த ஏற்றத்தில் நடந்தவர்களை நினைத்துக்கொண்டே நடந்தேன். தம்பி பாதி வழியில், "தினம் இந்த ரோட்டுலதாண்ணே போறேன். ஒருத்தரும் சொன்னதில்ல" என்றான். யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே வாழ்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரனிடம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிற விஷயமா அது.

நியான்சா நினைவிடத்தில் இப்போது 90,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஈ.டி.ஓ.விலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் பின்னர் கண்டெடுக்கப்பட்டவர்களும். அகலமான சிமெண்டுக் கல்லறைகள். பக்கத்தில் மரங்களும் கற்களுமாக ஒரு நினைவுத் தோட்டம். காம்ப் கிகாலியில் ஆளுக்கு ஒரு தூண், தூணில் அவரவர் வயது. இங்கே ஒரே சிமெண்டுத் தளத்துக்குக் கீழே எத்தனையோ பேர். பலருடைய பெயரே தெரியாது, பெயரைச் சொல்ல வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. வயதை எங்கே வெட்டிவைப்பது? இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்தால்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

பத்து வீரர்களையும் நான் குறை சொல்லவில்லை. பள்ளியை விட்டுப் போன வீரர்களைக்கூட முழுதாகக் குறை சொல்ல என் மனம் வரவில்லை. கட்டளை மேலிருந்து வந்தது. குற்றம் அந்த மேலிடத்துடையது. பெல்ஜியத்தின் பிரதமர் கை வெர்ஹோஃப்ஸ்டாட் 2000 ஏப்ரல் 7ஆம் தேதி கிகாலிக்கே வந்து, தன் நாட்டின் பெயரால் ருவாண்டா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆறு வருடம் கழித்து என்றாலும் கேட்டார். ஐரோப்பிய அரசியல்வாதிகள் ஆப்பிரிக்க மண்ணில் நின்று நேரடியாக இப்படிக் கேட்டது அரிது. அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன்.

போகாமல் நின்றவர்களும் உண்டு, அவர்களைச் சொல்லாமல் விடக் கூடாது. 270 என்று பாதுகாப்பு சபை சொன்ன பிறகும் டல்லேர் கூடுதலான ஆட்களை வைத்துக்கொண்டார். அவர்களில் பெரும்பகுதி கானா வீரர்கள். பிரதமர் வீட்டு வாசலில் தங்கள் தோழர்கள் ஐவர் பிடிபட்டு மயிரிழையில் தப்பியதைப் பார்த்தவர்கள், கையில் சரியான மருந்து கூட இல்லாமல், அமஹோரோ விளையாட்டரங்கத்தில் தஞ்சமடைந்த ஆயிரக்கணக்கான மக்களுக்குக் காவலாக இருந்தார்கள். செனகலைச் சேர்ந்த கேப்டன் ம்பாயே தியாங் ஆயுதம் ஏந்தாத ராணுவப் பார்வையாளர். ஏப்ரல் 7 அன்று பிரதமரின் பிள்ளைகளைக் காப்பாற்றியதில் அவருக்குப் பங்கு உண்டு. அதன் பிறகும் வாரக்கணக்கில், தடுப்புகளில் நின்றவர்களிடம் சிரித்துப் பேசி, சிகரெட் கொடுத்து, தன் வண்டியில் சிலர் சிலராக ஆட்களை மறைத்து வெளியே கொண்டுவந்துகொண்டே இருந்தார். நூற்றுக்கணக்கானவர்கள் அவரால் பிழைத்தார்கள் என்கிறார்கள். மே 31ஆம் தேதி ஒரு சோதனைச் சாவடியில் அவர் வண்டி மேல் மோர்ட்டார் குண்டு விழுந்து இறந்தார். அசாதாரணத் துணிச்சலுக்காக ஐ.நா. 2014இல் ஏற்படுத்திய பதக்கத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். காம்ப் கிகாலியின் தூண்கள் பெல்ஜியர்களுக்கு மட்டுமானவை, அதில் தவறில்லை, பெல்ஜியம் தன் பிள்ளைகளுக்காக எழுப்பியது. ஆனாலும் அந்தப் புல்வெளியில் தியாங்குக்கும் ஒரு தூணுக்கு இடம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. படையைக் குறைத்த அதே பாதுகாப்பு சபை, மே மாதம் 5,500 பேர் வரை அனுப்பலாம் என்று புதிய தீர்மானம் போட்டது. ஆட்கள் வந்து சேர்வதற்குள் ஜூலையில் தேசபக்த முன்னணி நாட்டைக் கைப்பற்றி, கொலைகளும் நின்றுவிட்டன. 8,00,000 முதல் பத்து லட்சம் பேர் வரை அதற்குள் போய்விட்டார்கள். பின்னால் வந்த அந்தப் படையில் இந்தியத் தரைப்படைப் பிரிவும் இருந்தது. 1996 மார்ச்சில் ஐ.நா. படை ருவாண்டாவை விட்டுக் கிளம்பியபோது அதற்குத் தற்காலிகத் தளபதியாக இருந்தவர் சிவகுமார் என்ற இந்திய அதிகாரி. நம் ஊர்களில் ஐ.நா. பணிக்குப் போய்வந்த ராணுவத்தினர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் தெரியும், சுடும் அதிகாரம் எப்போது உண்டு, எப்போது இல்லை என்ற அந்தச் சில வரி விதிகள் ஒரு சிப்பாயின் உயிரையும் அவன் காக்கப் போன மக்களின் உயிரையும் எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்று.

நான் போய்வந்த பிறகு, 2025 மார்ச்சில், காங்கோ விவகாரத்தில் முற்றிய சச்சரவால் ருவாண்டா பெல்ஜியத்துடன் தூதரக உறவையே முறித்துக்கொண்டது. இரண்டு நாடுகளுக்கும் இடையே தீர்க்க வேண்டியது இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.

கிகாலிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் முதலில் காம்ப் கிகாலிக்குப் போங்கள். கட்டடத்தின் வெளியே மட்டும் நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், அந்த மூலை அறைக்குள் போய் நில்லுங்கள். பிறகு ஒரு மோட்டோ பிடித்து கிச்சுகிரோ கல்லூரி வாசலில் இறங்கி, நியான்சா வரை நடந்து போங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்றம் அதிகம். ஏப்ரல் 7 தொடங்கி ஒரு வாரம் நாடே துக்கம் அனுசரிக்கும். அப்போது போனால் கூத்தும் பாட்டும் எதிர்பார்க்கக் கூடாது. ஏப்ரல் 11ஆம் தேதி அங்கே இருக்க நேர்ந்தால், பிழைத்தவர்களும் இறந்தவர்களின் உறவினர்களும் நியான்சாவில் கூடுவார்கள். வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்ளுங்கள். கிசோசிக்கு அடுத்த நாள் போகலாம். மூன்றையும் ஒரே நாளில் தாங்க முடியாது.